மூவுடல் பாய்ப்படகு: வேகமும் சுகமும் ஒரே கணக்கில்

மட்டக்களப்பின் பாலமீன்மடு முகத்துவாரத்தில் எந்தப் படகு உள்ளே வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது மணல். மாரியில் வெள்ளம் வாவியிலிருந்து கடலுக்குப் பாயும்போது வாய் அகலும். கோடையில் அலை அந்த மணலைத் திரும்பக் கொண்டுவந்து குவிக்க, வாய் சுருங்கும். தெற்கே அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வாயையும் மணல் அடைத்தது; துறைமுகத்துக்கு வடக்கே இருந்த கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. படகை நிமிர்த்தி வைக்க அடியில் இரண்டு மீற்றர் ஆழத்துக்குத் தொங்கும், ஈயம் வார்த்த கீல் கொண்ட பாய்ப்படகு எதுவும் இப்படிப்பட்ட வாய்களை நம்பி வராது. உலகைச் சுற்றும் பாய்ப்படகுகள் திருகோணமலையிலும் காலியிலும் நங்கூரமிட்டுவிட்டு நம் கரையை வெறுமனே கடந்து செல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலான நீரில் மிதக்கக்கூடிய, ஆனால் வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்கவும் வல்ல பாய்ப்படகு ஒன்று உண்டு. அதுதான் ட்ரைமரன் எனப்படும் மூவுடல் படகு. நடுவில் நீண்ட உடல் ஒன்று. இரு பக்கமும் மெலிந்த துணை உடல்கள். மூன்றையும் பிணைக்கும் குறுக்கு விட்டங்கள். இதை வேகமாக ஓடும்படி செய்வது எளிது. வீடு போல வசதியாகச் செய்வதும் எளிது. இரண்டையும் ஒரே படகில் கொண்டுவருவதற்காக வடிவமைப்பாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அது முடியும் என்பதே என் கருத்து. ஆனால், பாரத்தில் கைவைக்கத் துணிந்தவர்களுக்கு மட்டுமே அது கைகூடும். எடை குறைந்தால் வேகம் வருகிறது. அதே எடைக் குறைவுதான் கடலில் சுகத்தையும் தருகிறது. இது எப்படி என்று விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் வேகம். படகு ஓடும்போது அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலையும் பின்புறத்தில் ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட அந்த அலைகளுக்கு இடையிலான தூரமும் நீளுகிறது. அது படகின் நீளத்தை எட்டியதும், தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே படகு சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் எவ்வளவு பாய் விரித்தாலும் மேட்டில் ஏறும் முயற்சியாகவே அது முடிகிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் இந்த எல்லை கிடைக்கும். 12 மீற்றர், அதாவது சுமார் 39 அடி நீளமுள்ள சாதாரணப் பாய்ப்படகுக்கு அது மணிக்கு 8.4 கடல்மைல்.

உடல் மெலிந்தால் இந்த வேலி தளர்கிறது. நீளம் அகலத்தைப் போல எட்டு, ஒன்பது மடங்கைத் தாண்டும்போது, எழும் அலை மிகச் சிறியதாகி, படகு அதைக் கடந்து ஓடத் தொடங்குகிறது. வாவியில் ஓடும் ஒல்லியான தோணிகள் சிறு துடுப்பு வீச்சிலேயே எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஆனால் மெலிந்த உடல் தானாக நிமிர்ந்து நிற்காது. அதில் ஒரு பாய்மரத்தை நட்டால் முதல் காற்றிலேயே கவிழும். கனமான கீலைத் தொங்கவிட்டு நிமிர்த்தலாம். அப்படிச் செய்தால் மெலிந்த உடலால் பெற்ற ஆதாயம் அந்த ஈயத்தின் எடையிலேயே கரைந்துபோகும். தென்னிலங்கைச் சிங்கள மீனவர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். அவர்களின் 'ஒருவ' என்ற படகில் ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை உண்டு. காற்று வரும் பக்கத்திலேயே அது எப்போதும் இருக்கும். காற்று பலத்தால் ஓர் ஆள் மிதவையை நோக்கித் தடிமேல் ஏறுவார். இன்னும் பலத்தால் இன்னொருவர் ஏறுவார். காற்றின் பலத்தை 'ஓர் ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று' என்று அவர்கள் அளந்ததாகப் பழைய பயணக் குறிப்புகள் சொல்கின்றன. திசை மாற்றும்போது அணியத்தையும் பின்புறத்தையும் இடம் மாற்றிப் பாயைத் திருப்புவார்கள். மிகக் குறைந்த பொருளில் மிக உயர்ந்த வேகம் எடுத்த படகு அது. இரண்டு பக்கமும் உடல் வைத்தால் இந்த இடமாற்றம் தேவைப்படாது. எந்தப் பக்கம் காற்று வந்தாலும் தாங்க ஒன்று இருக்கும். அதன் விலை, கூடுதலாக ஓர் உடலின் எடை.

ஓர் உதாரணப் படகை எடுத்துக்கொள்வோம். கணக்குகள் நான் போட்டவை, வாசகர்கள் சரிபார்க்கலாம். நீளம் 12 மீற்றர், நடு உடலின் நீர்மட்ட அகலம் 1.3 மீற்றர், மொத்த அகலம் 8.5 மீற்றர். எல்லாப் பொருளையும் ஏற்றிய பின் எடை 5.5 தொன். பாயின் பரப்பு 80 சதுர மீற்றர். காற்று பக்கத்திலிருந்து மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் வீசும்போது பாயில் விழும் விசை சுமார் 600 கிலோ. படகு பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்க நீருக்குள் இறக்கும் நீரடிப் பலகைக்கு ஏறத்தாழ 9 மீற்றர் உயரத்தில் அது தள்ளுவதால் கவிழ்க்கும் முறுக்கு 5.4 தொன்-மீற்றர். எதிர்த்து நிற்பது எது? காற்று போகும் பக்கத்துத் துணை உடல். அது நடுவிலிருந்து 4 மீற்றர் தள்ளி நிற்கிறது. படகின் எடை முழுவதும் அதன்மேல் சாயும் நிலை வரும்வரை தாங்கினால், எதிர்முறுக்கு 5.5ஐ 4ஆல் பெருக்க வருவது, 22 தொன்-மீற்றர். ஆடும் பஸ்ஸில் கால்களை அகட்டி நிற்பவர் விழாமல் நிற்பது போன்றதுதான் இது. ஈயம் ஒரு கிராம்கூட இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 22 என்பது 5.4இன் நான்கு மடங்கு. ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தாலே பாயில் விழும் விசை நான்கு மடங்காகிவிடும். ஆகவே முழுப்பாயோடு நின்றால் மணிக்கு 40 கடல்மைல் காற்று இந்தப் படகின் முடிவு. மழைமேகத்தின் முன்னால் திடீரென்று அறையும் காற்றுக்கு அது பெரிய வேகம் அல்ல. கீல் கொண்ட ஒற்றையுடல் படகு அந்த அறையில் சாய்ந்து, காற்றைப் பாயிலிருந்து வழியவிட்டு, மீண்டும் நிமிரும். மூவுடல் படகு சாயாது. விசை முழுவதையும் வாங்கிக்கொண்டு முன்னே பாயும். வேகம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆபத்தும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

துணை உடலின் மிதப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வி வரலாற்றில் பல படகுகளையும் சில உயிர்களையும் விலையாக வாங்கியது. அமெரிக்கர் ஆர்தர் பிவர் 1960இல் 'நிம்பிள்' என்ற 30 அடி மூவுடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார். ஒட்டுப்பலகையில், வீட்டு முற்றத்தில், சாதாரண மனிதர் கட்டக்கூடிய வடிவங்களை அவர் விற்றார். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் பெருங்கடல் கனவோடு பலகை அறுக்கத் தொடங்கினார்கள். பிவர் 1968இல் கலிபோர்னியக் கடலில் தனியே சென்றார்; திரும்பவில்லை. அவர் வடிவமைத்த 'விக்ட்ரெஸ்' வகைப் படகு ஒன்றில் நைஜல் டெட்லி 1968, 69இல் தனியொருவராக உலகைச் சுற்றும் போட்டியில் ஓடினார். அது அவர் மனைவியோடு குடியிருந்த வீட்டுப்படகு. தென்முனைக் கடல்களைத் தாண்டி, தான் போன தடத்தையே குறுக்கே கடந்து, முடிவுக்கோட்டை நெருங்கும் வேளையில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே படகு உடைந்து மூழ்கியது. பின்னால் துரத்தி வருவதாக நம்பப்பட்ட போட்டியாளரை எண்ணி அதை ஓட்டியதன் விளைவு அது. குடியிருக்கக் கட்டிய படகைப் பந்தயத்துக்கு ஓட்டினால் எந்த இடம் முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதை அந்தப் பயணம் காட்டியது: உடல்களும் விட்டங்களும் சேரும் மூட்டு.

அதன்பிறகு டிக் நியூவிக் போன்ற வடிவமைப்பாளர்கள் உடலை மேலும் மெலிவாக்கி, விட்டங்களை வளைத்து, பறவையின் சிறகை ஒத்த படகுகளை வரைந்தார்கள். நியூவிக் வரைந்த 50 அடி 'மொக்ஸி'யில் 65 வயதான பில் வெல்ட் 1980இல் தனியொருவர் அட்லாண்டிக் போட்டியை 18 நாளுக்குள் முடித்து முதலிடம் பெற்றார். வேகம், இடவசதி, மலிவு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு படகில் பெறலாம் என்று நியூவிக் தம்மிடம் படகு கேட்டு வந்தவர்களிடம் சொல்வார். இன்றும் இதைவிட நேர்மையான விதி எதுவும் இந்தத் துறையில் இல்லை என்றே நினைக்கிறேன். 2017இல் பிரான்சிஸ் ஜோயோனும் அவரது குழுவும் 31.5 மீற்றர் மூவுடல் படகில் 40 நாள் 23 மணி நேரத்தில் உலகைச் சுற்றினார்கள். அந்தப் படகில் சுகம் என்று சொல்ல எதுவும் இல்லை. தூங்க ஒரு மூலை, உண்ண உலர்ந்த உணவு, காதைத் துளைக்கும் இரைச்சல். பந்தயப் படகைப் பார்த்துப் பயணப் படகை வரைபவர்கள் முதலில் மறப்பது அந்த இரைச்சலைத்தான்.

சுகம் என்பது மெத்தையும் சமையலறையும் மட்டும் என்றால் அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. கடலில் சுகம் என்பது உடல் தாங்கும் அசைவு. மனிதருக்குக் குமட்டலை அதிகமாக உண்டாக்குவது, ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஏறி இறங்கும் அசைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வாழைச்சேனைத் துறையிலிருந்து பலநாள் கலத்தில் முதன்முறை போகும் இளைஞர்களுக்கு இந்த எண் தேவையில்லை. அவர்களின் வயிறு சொல்லும். ஒற்றையுடல் படகு மெதுவாக உருள்கிறது. சாய்ந்தபடியே நாள்கணக்கில் ஓடுகிறது. 20 பாகை சாய்வில் சோறு வடிப்பது, தூங்குவது, கழிப்பறைக்குப் போவது எல்லாமே உடற்பயிற்சி. இரட்டையுடல் படகு சாய்வதில்லை. ஆனால் இரு உடல்களும் இரு வேறு அலைகளில் ஏறி இறங்குவதால் அசைவு வெட்டி வெட்டி வருகிறது. நடுவே உள்ள அகன்ற தளத்தின் அடியில் அலை மோதும்போது மேசையில் வைத்த கோப்பை துள்ளி விழும்.

மூவுடல் படகில் எடையின் பெரும்பகுதி நடு உடலில் இருக்கிறது. துணை உடல்கள் நடு உடலைவிடச் சற்று மேலே பொருத்தப்படுகின்றன. நின்றிருக்கும்போது அவை நீரை மெல்லத் தொடும், அல்லது ஒன்று மட்டும் தொடும். காற்று பிடித்ததும் படகு சில பாகை சாய்ந்து, ஒரு துணை உடலில் தோள் கொடுத்து நிற்கும்; மற்றது காற்றில் உயரும். அப்போது நீரில் இருப்பவை இரண்டு மெலிந்த உடல்கள் மட்டுமே. பக்க அலை வரும்போது அகன்ற தட்டையான எதையும் அது தூக்க வேண்டியதில்லை. மெலிந்த துணை உடல் கொஞ்சம் அமிழ்ந்து, அலையை விட்டுக்கொடுத்து, பிறகு தாங்குகிறது. நன்றாக வரையப்பட்ட மூவுடல் படகின் அசைவு, இரட்டையுடலின் வெட்டுக்கும் ஒற்றையுடலின் உருளலுக்கும் இடைப்பட்டது. ஓடும்போது இப்படி. நங்கூரத்தில் நிற்கும்போது ஒரு குறை உண்டு: துணை உடல்கள் அதிகம் உயர்ந்திருந்தால், சிறு அலையிலும் படகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தட்டென்று விழும். இரவெல்லாம் அந்தத் தட்டல் கேட்டால் தூக்கம் போகும். ஆகவே பயணப் படகில் அந்த உயரத்தைப் பந்தயப் படகைவிடக் குறைவாக வைக்க வேண்டும்.

அடுத்தது முன்பின் ஆட்டம். மெலிந்த உடல்கள் அலையைக் கிழித்துச் செல்லும்போது மூக்கு குத்தி எழும் ஆட்டம் தொடங்கினால் நிற்பது கடினம். அதைக் குறைக்க இரண்டு வழிகள். பின்புறத்தை அகலமாகவும் தட்டையாகவும் விடுவது ஒன்று. அணியம் எழும்போது பின்புறம் நீரில் அழுந்தி ஆட்டத்தை அடக்கும். மற்றது, கனமான எல்லாவற்றையும் படகின் நடுவில் குவிப்பது. நங்கூரச் சங்கிலியை வழக்கமாக அணியத்தில் வைப்பார்கள். 8 மில்லிமீற்றர் சங்கிலி மீற்றருக்கு 1.4 கிலோ, 60 மீற்றர் எடுத்தால் 84 கிலோ. ஒரு பெரிய மனிதரை இரவும் பகலும் அணிய நுனியில் நிறுத்தி வைப்பதற்குச் சமம். அதைக் குழாய் வழியாகப் பாய்மரத்தின் அடிக்குக் கொண்டுவந்துவிட்டால், ஒரு பைசா கூடுதல் எடையில்லாமல் படகின் அசைவு மாறும். பற்றரி, தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், இயந்திரம் எல்லாவற்றுக்கும் இதே விதி. பிரான்சின் லா ரோஷெலில் கட்டப்படும் நீல் வகைப் பயணப் படகுகளில் இயந்திரமும் தொட்டிகளும் நடு உடலின் அடியில் இருப்பதை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அவற்றின் அகன்ற கூடம் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. விட்டங்களுக்கு இடையே மூடிய தளம் கூடக்கூட அலை மோத இடமும் கூடுகிறது. விட்டங்களுக்கு இடையில் வலை மட்டும் கட்டினால் அலை அதனூடே ஏறி இறங்கிப் போய்விடும். மாலையில் அந்த வலையில் படுத்துக்கொண்டு போவதைவிடப் பெரிய வசதி எந்தக் கூடத்திலும் கிடைக்காது.

இனி, என் வாதத்தின் நடுப்புள்ளி. மேலே சொன்ன உதாரணப் படகு ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக அமிழ எவ்வளவு எடை வேண்டும்? அதன் நீர்மட்டப் பரப்பு சுமார் 11 சதுர மீற்றர். கடல்நீரின் அடர்த்தியோடு பெருக்கினால் 110 கிலோ. அதே நீளமுள்ள அகன்ற ஒற்றையுடல் படகுக்கு ஏறத்தாழ 290 கிலோ. ஆகவே ஒரு தொன் சரக்கு ஒற்றையுடலை மூன்றரைச் சென்ரிமீற்றர் அமிழ்த்தும். மூவுடலை 9 சென்ரிமீற்றர் அமிழ்த்தும். அதோடு முடியவில்லை. நடு உடல் அமிழும்போது இரு துணை உடல்களும் சேர்ந்து அமிழ்கின்றன, உராய்வு கூடுகிறது, விட்டங்கள் நீருக்கு அருகே வருகின்றன, இதுவரை தொடாத அலைகள் அவற்றைத் தட்டத் தொடங்குகின்றன. வேகம் போகிறது, இரைச்சல் வருகிறது, அசைவு முரடாகிறது. சுகத்துக்காக ஏற்றிய பொருள் சுகத்தைக் கொல்வது இப்படித்தான்.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? வெறும் படகு 4 தொன்; மிச்சம் 1.5 தொன். நான்கு பேர் 300 கிலோ. தண்ணீர் 300 லீற்றர், அதாவது 300 கிலோ. எரிபொருள் 150. நங்கூரங்களும் சங்கிலியும் கயிறும் 150. பற்றரியும் சூரியத் தகடுகளும் 150. அரிசி, பருப்பு, மா, எண்ணெய், தேங்காய் என்று ஒரு மாத உணவு 150. கரைக்குப் போகும் சிறு ரப்பர் படகும் அதன் இயந்திரமும் 100. இத்தோடு 1,300 கிலோ தீர்ந்தது. உடை, சட்டி பானை, புத்தகம், கருவி, மாற்றுப் பாய், மருந்து, உயிர்காப்பு மிதவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 கிலோதான் இருக்கிறது. குளிரூட்டி வேண்டும், சலவை இயந்திரம் வேண்டும் என்று கேட்பவருக்கு மூவுடல் படகு கட்டிக் கொடுக்கக் கூடாது. அவருக்கு அகன்ற ஒற்றையுடல் படகே நல்லது, அவர் அதில் மகிழ்ச்சியாகவும் இருப்பார். கடல்நீரை நன்னீராக்கும் சிறு இயந்திரம் ஒன்று வைத்தால் தண்ணீரில் பாதியைக் குறைக்கலாம். நான் வரைந்தால் அந்த 150 கிலோவை வேறெதற்கும் கொடுக்காமல் வெறுமனே விடுவேன். நீண்ட பயணத்தில் படகுகள் மெல்ல மெல்லக் கனத்துப் போகின்றன. யாரும் எதையும் இறக்குவதில்லை.

இந்தத் தியாகத்துக்கு என்ன கைம்மாறு? தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 1,000 கடல்மைல். நாளுக்கு 140 கடல்மைல் ஓடும் ஒற்றையுடல் படகுக்கு ஒரு வாரம் பிடிக்கும். 200 ஓடும் மூவுடலுக்கு ஐந்து நாள். ஐந்து நாள் வானிலைக் கணிப்பை ஓரளவு நம்பலாம்; ஏழாவது நாளைப் பற்றிய கணிப்பை நம்புவது கடினம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் நினைவு இன்னும் இருக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தக் கடலில் வேகம் என்பது புயலுக்கு முன்னால் கரை சேரும் வாய்ப்பு.

ஆனால் வேகம் ஏமாற்றவும் செய்யும். மணிக்கு 25 கடல்மைல் காற்று பின்னாலிருந்து வீச, படகு 12 வேகத்தில் ஓடினால், தளத்தில் நிற்பவர் உணரும் காற்று 13 மட்டுமே. இதமான மாலை போலத் தோன்றும். ஏதோ காரணத்துக்காகப் படகைக் காற்றுப் பக்கம் திருப்பினால், அதே பாயில் ஒரே நிமிடத்தில் 25க்கு மேல் விழும். விசை ஏறத்தாழ நான்கு மடங்கு. மூவுடல் படகில் பாயைச் சுருக்கும் நேரத்தை உணர்ந்த காற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. உண்மையான காற்றை வைத்து, இரவில் ஒரு படி முன்னதாகவே சுருக்க வேண்டும். காற்று போகும் பக்கத்துத் துணை உடலின் அணியம் நீருக்குள் புதையத் தொடங்கினால் அது கடைசி எச்சரிக்கை. வடிவமைப்பாளர் தம் பங்குக்கு அந்த அணியத்தில் நிறைய மிதப்பு வைக்க வேண்டும். துணை உடல் ஒவ்வொன்றின் மொத்த மிதப்பும் படகின் எடையைப் போல ஒன்றரை மடங்காவது, நம் உதாரணத்தில் 8 தொன்னுக்கு மேல், இருப்பது நல்லது. ஆரம்ப காலப் படகுகள் பலவற்றில் துணை உடல்களின் மிதப்பு குறைவாக இருந்தது. பலத்த காற்றில் அவை முழுதாக நீருக்குள் போய்விடும்.

கவிழ்ந்தால்? மூவுடல் படகு தானாக நிமிராது. இதை மறைக்கும் விற்பனையாளரை நம்பக் கூடாது. ஆனால் ஈயம் இல்லாததால், உடல்கள் உடையாதவரை அது மூழ்குவதும் இல்லை. பில் வெல்ட் மொக்ஸிக்கு முன் வைத்திருந்த படகு 1976இல் அட்லாண்டிக்கில் கவிழ்ந்தது. அவரும் துணைவரும் தலைகீழான உடலுக்குள் நாள்கணக்கில் இருந்து, ஒரு கப்பலால் மீட்கப்பட்டார்கள். 1989இல் நியூசிலாந்துக்கு அப்பால் 'ரோஸ் நோயல்' என்ற மூவுடல் படகு கவிழ்ந்தது. நால்வர் அதற்குள் 119 நாள் மிதந்து, கிரேட் பரியர் தீவில் உயிரோடு கரையேறினார்கள். ஆகவே கவிழ்ந்த நிலையிலும் வாழ முடியும்படி வரைவது வடிவமைப்பின் ஒரு பகுதி. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வெளியேறும் கதவு, தலைகீழானாலும் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீரும் சமிக்ஞைக் கருவியும், மேலிருந்து விமானம் காணும்படி அடிப்பாகத்துக்குச் செம்மஞ்சள் நிறம். இவற்றுக்கான செலவு மிகச் சிறிது.

கட்டுமானத்தைப் பற்றி எழுதினால் ஒரு தனிக் கட்டுரை வேண்டும். இரண்டு விடயங்களை மட்டும் சொல்கிறேன். மெல்லிய இழைத் தகட்டை நடுவில் பிளந்து, இடையே நுரைப் பலகை வைத்துத் தடிப்பை இரட்டித்தால், எடை சிறிதே கூட, விறைப்பு ஏழு மடங்காகிறது. நான்கு மடங்கு தடிப்பில் விறைப்பு 37 மடங்கு. கனமில்லாத உடலைச் செய்யும் இரகசியம் இதுதான். ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின; அவற்றைக் கட்டவும் ஒட்டவும் தெரிந்த கைகள் கல்முனையிலும் வாழைச்சேனையிலும் நிறைய உண்டு. அங்கே தடிப்பைக் கூட்டினால் பலம் என்று பழகியிருக்கிறோம். மணலில் இழுபடும் மீன்பிடிப் படகுக்கு அது சரியான முடிவு. மூவுடல் படகுக்கு நுரைப் பலகையும், வெற்றிடப் பையால் அழுத்திப் பிசினை மிச்சம் பிடிக்கும் பழக்கமும் வேண்டும். இரண்டும் கற்றுக்கொள்ளக் கூடியவை. மற்றது மூட்டு. நடு உடல் முழுதாகத் தூக்கப்படும் நிலையில் இரு விட்டங்களும் பங்கிட்டுக்கொள்ளும் முறுக்கு 22 தொன்-மீற்றர், ஒவ்வொன்றுக்கும் 11. அது ஒருமுறை வருவது அல்ல. அலைக்கு அலை ஏறி இறங்குவது. இந்த இடத்தில் ஊகத்துக்கோ கைப்பழக்கத்துக்கோ இடமில்லை. தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இப்படகை மீன்பிடிக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இங்கே உடனே எழும். பலநாள் கலம் தொன்கணக்கில் ஐஸும் மீனும் சுமக்கிறது. சென்ரிமீற்றருக்கு 110 கிலோ என்ற கணக்கிலேயே அதற்கு விடை இருக்கிறது. இது பயணத்துக்கும் சுற்றுலாவுக்கும் ஆய்வுக்கும் உரிய படகு.

ஆனால் நம் கரைக்கு அது பொருந்தும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நீரடிப் பலகையைத் தூக்கி, சுக்கானை மடக்கிவிட்டால் இதற்கு 70 சென்ரிமீற்றர் ஆழம் போதும். வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் தரையிலிருந்து வீச, கிழக்குக் கடல் அடங்கியிருக்கும்; பாசிக்குடாவின் ஆழமில்லாத நீரில் மற்றப் பாய்ப்படகுகள் போக முடியாத இடம்வரை போய் இது நங்கூரமிடலாம். பொத்துவிலுக்கு அருகே அறுகம்பேயில் தென்கடலின் நீண்ட அலை வரும் அதே மாதங்களில், கரையோரமாகப் பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் இடையே பாயில் ஓடலாம். வாடைக் காலத்தில் இந்தக் கரையில் நிற்கக் கூடாது. அப்போது ஒதுங்க வாவி உண்டு என்று தோன்றும். முகத்துவார மணலைத் தாண்டினாலும் கல்லடிப் பாலம் உயரமான பாய்மரத்தை உள்ளே விடாது. பாய்மரத்தை இறக்கி, துணை உடல்களை மடித்து, இழுவை வண்டியில் ஏற்றும் வகையை நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபாரியர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார். எட்டரை மீற்றர் அகலமுள்ள படகுக்கு நம் துறைகளில் நிறுத்த இடம் கிடைக்காது என்பதால், நம் முதல் படகு 12 மீற்றராக இருக்க வேண்டியதில்லை. மடக்கக்கூடிய ஏழு, எட்டு மீற்றர் படகு ஒன்றை இங்குள்ள பட்டறையிலேயே தொடங்கலாம். முதலில் உடல்களை மட்டும் செய்து, வாவியில் மிதக்கவிட்டு, மணல் மூடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எத்தனை கிலோவுக்கு எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். அந்த அளவு வரைபடத்தோடு ஒத்துப்போன பிறகு விட்டங்களையும் பாய்மரத்தையும் பற்றிப் பேசுவோம்.